ஸ்டெல்லாவுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தேன்

"அக்கா, ஒரு பொண்ணுக்குப் பேசக் கத்துக்கொடுக்கணும்."

நான்கு மாதங்களுக்கு முன் போனில் குணா இப்படித்தான் ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெண்ணைக் கொஞ்சம் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள் என்றுதான் இதுவரை யாராவது என்னிடம் கேட்டிருக்கிறார்கள்!

குணா எங்கள் மலாக்கா மாநிலத்தில் ஒரு விளையாட்டுச் சங்கத்தின் செயலாளர். நல்ல மனிதர். ஆனால் எதையும் அவசரமாகச் சொல்வார், பாதியில் விடுவார். விஷயம் என்னவென்று பிடிக்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது.

விஷயம் இதுதான். ஸ்டெல்லா என்று ஒரு பெண். வயது இருபத்தொன்பது. புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மீதி நேரத்தில் வேகநடை வீராங்கனை.

வேகநடை தெரியும்தானே? இடுப்பை ஒடித்து ஒடித்து, விடுவிடுவென்று நடப்பார்களே... அதுதான். பார்ப்பதற்குச் சிரிப்பாக இருக்கும். முயன்று பார்த்தால் முட்டி கழன்றுவிடும். விதி ஒன்று முக்கியம் — எந்த நேரத்திலும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். இரண்டு காலும் ஒன்றாக மேலே எழும்பினால் அது ஓட்டம். அதைக் கண்டுபிடிக்கக் கருவி கிடையாது. வழியெல்லாம் நடுவர்கள் நின்று வெறும் கண்ணால் பார்ப்பார்கள். மூன்று நடுவர்கள் சிவப்பு அட்டை எழுதிவிட்டால் ஆள் வெளியே.

ஸ்டெல்லா ஒரு போட்டியில் அப்படி வெளியே அனுப்பப்பட்டாள். மூச்சு வாங்க நின்றவளிடம் ஒரு நிருபர் மைக்கை நீட்டி, "ஏன் ஓடினீங்க?" என்று கேட்டிருக்கிறார். அவள் கையால் கேமராவை மூடி, "போய் வேற வேலையப் பாருங்க லா" என்று சொல்லிவிட்டாள்.

முடிந்ததா? யாரோ அதற்குக் குத்துப்பாட்டு மியூசிக் போட்டுவிட்டார்கள். மூன்று நாளில் மலாக்கா முழுக்க அந்தக் கை தெரிந்துவிட்டது.

"இன்னொரு தடவை இந்த மாதிரி ஆச்சுன்னா டீம்ல வச்சிக்க முடியாதுன்னு மேல சொல்லிட்டாங்க அக்கா," என்றார் குணா. "நீங்கதான் ரேடியோவுல இருந்தீங்களே. கொஞ்சம் ட்ரெய்னிங் கொடுங்களேன்."

வானொலியில் இருபது வருடத்துக்கு மேல் செய்தி வாசித்தவள் நான். விபத்தையும் வானிலையையும் ஒரே குரலில் சொல்லத் தெரியும். அது ஒரு தகுதியா என்று அன்று நான் யோசிக்கவில்லை. சரி என்றேன்.

சனிக்கிழமை மதியம் தெங்கேராவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். காலை ஷிப்ட் முடித்து, யூனிபார்மோடு, மோட்டார் சைக்கிளில். ஒல்லியான உடம்பு, நேரான பார்வை. கேட்டதற்குப் பதில் சொல்வாள். கேட்காததற்கு ஒரு வார்த்தை கிடையாது.

ஹாலில் நாற்காலி போட்டேன். போனை ஸ்டாண்டில் மாட்டி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினேன். நிருபர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன்.

"போன போட்டியில ஏன் தோத்தீங்க?"

"மெதுவா நடந்தேன்."

அவ்வளவுதான். அடுத்த கேள்விக்குக் காத்திருந்தாள்.

ரெக்கார்டிங்கை நிறுத்தினேன். "இப்படிச் சொல்லக்கூடாதும்மா."

"உண்மைதானேக்கா?"

"உண்மைதான். ஆனா அவங்களுக்கு அரை நிமிஷமாவது ஓடணும்ல? நீ ஒரே வார்த்தையில முடிச்சிட்டா அடுத்தது உன்னைக் கடுப்பேத்துற மாதிரிதான் கேப்பாங்க."

யோசித்தாள். "அப்ப நீட்டிச் சொல்லணுமா?"

"நீட்டிச் சொல்ல வேணாம். நீ சொல்ல நினைக்கிறத சொல்லணும்."

"நான் சொல்ல நினைக்கிறது ஒன்னும் இல்லியே..."

இப்படிப்பட்ட மாணவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சொல்லுங்கள்.

ஆனால் விடாப்பிடியானவள். நான்கு சனிக்கிழமை வந்தாள். நான் சொன்னதையெல்லாம் சின்ன நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். கேள்வி முடிந்ததும் மனதுக்குள் இரண்டு எண்ணு, பிறகு வாயைத் திற. கேள்வியில் இருக்கும் கெட்ட வார்த்தையை நீ திருப்பிச் சொல்லாதே — 'ஏன் ஓடினீங்க' என்றால் 'நான் ஓடல' என்று சொல்லாதே, கேட்பவன் காதில் 'ஓட' மட்டும்தான் விழும். பதிலைத் தெரிந்த இடத்துக்குக் கொண்டுபோ. நடுவரைப் பற்றிக் கேட்டால், முடிவை மதிக்கிறேன் என்று சொல்லி நிறுத்து. கண் கேமராவிலேயே இருக்கட்டும். அக்கம்பக்கம் போகக்கூடாது.

நான்காவது வாரம் அவளை என்ன கேட்டாலும் அசையவில்லை. மலாயில் கேட்டேன், தமிழில் கேட்டேன், குத்திக் கேட்டேன். அந்தப் பழைய வீடியோவைப் பற்றிக் கேட்டேன். இரண்டு எண்ணினாள், லேசாகச் சிரித்தாள், "அன்னிக்கு நான் களைச்சிப் போயிருந்தேன். அந்த நிருபர்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன். இப்ப என் கவனம் எல்லாம் அடுத்த போட்டியிலதான்," என்றாள்.

"உண்மையிலேயே மன்னிப்பு கேட்டியா?" என்றேன்.

"கேட்டேங்க்கா. ட்ரெய்னிங்ல சொல்லணும்னா முதல்ல கேட்டிருக்கணும்ல? அதான் போன வாரம் போன் பண்ணிக் கேட்டுட்டேன்."

எனக்குப் பெருமையாக இருந்தது. என்ன பெருமை? நான் நன்றாகக் கற்றுக்கொடுத்திருக்கிறேன் என்ற பெருமை. அவள் அந்த ஒரு வரிக்காகவே போன் போட்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறாள் என்பதை நான் சரியாகக் கவனிக்கவில்லை.

போட்டி நாள் வந்தது. எங்கள் மாநிலத்திலேயே நடந்தது. பத்தாயிரம் மீட்டர் — இருபத்தைந்து சுற்று. இதில் ஜெயிப்பவரை வெளிநாட்டுப் போட்டிக்கு அனுப்பும் வாய்ப்பு அதிகம் என்றார் குணா. அவர் என்னையும் கூப்பிட்டிருந்தார். ஸ்டெல்லா பேசுவதைப் பதிவு செய்து, பிறகு குறை நிறை சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

ஸ்டெல்லாவுக்குப் போட்டியே ஒரே ஒருத்திதான். பெயர் நூருல். லூபோக் சீனாவைத் தாண்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம், நெகிரி செம்பிலான் மாநிலத்துக்காரி. அங்கே கம்பத்தில், அதாவது கிராமத்தில், ஒரு பாலர் பள்ளியில் டீச்சர். இரண்டு பேரும் ஏழெட்டு வருடமாக ஒருவரையொருவர் ஜெயித்துக்கொண்டும் தோற்றுக்கொண்டும் இருப்பவர்கள். லூபோக் சீனா எஸ்டேட் ரோட்டில் சில நாள் சேர்ந்தே பயிற்சி செய்வார்களாம். போட்டி நாளில் மட்டும் பேசிக்கொள்ள மாட்டார்களாம்.

இருபது சுற்றுக்குப் பிறகு அவர்கள் இருவர்தான் முன்னால். அறிவிப்புப் பலகையில் இருவர் எண்ணுக்கும் நேராக இரண்டிரண்டு சிவப்பு. இன்னும் ஒன்று விழுந்தால் வீடு.

கடைசிச் சுற்று. ஸ்டெல்லா உள்பக்கம், நூருல் அவளை ஒட்டி வெளிப்பக்கம். தோளோடு தோள். முதல் வளைவு முடியும் இடத்தில் வெளிப்பக்கமாக ஒரு நடுவர் நின்றிருந்தார். குனிந்து பார்த்தார். எழுதினார்.

நூற்றைம்பது மீட்டர் மிச்சம் இருக்கும்போது தலைமை நடுவர் முன்னால் வந்து சிவப்பு அட்டையைக் காட்டினார் — நூருலுக்கு.

நூருல் நின்றாள். தடத்தை விட்டு இறங்கினாள். உள்ளே இருந்த புல்வெளியைக் கடந்து முடிவுக் கோட்டுப் பக்கம் போய், புல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். ஸ்டெல்லா முதலாவதாக வந்து கோட்டைத் தொட்டாள்.

குணா குதித்தார். நான் கேமராமேனுக்குப் பின்னால் போய், என் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதே நிருபர். அதே மைக்.

"நூருல் வெளியே போனதாலதான் உங்களுக்குத் தங்கம். என்ன சொல்றீங்க?"

குத்தலான கேள்விதான். ஸ்டெல்லா இரண்டு எண்ணினாள். எனக்குத் தெரிந்தது. கண் கேமராவில். "நடுவர்களோட முடிவை நான் மதிக்கிறேன். என் கவனம் முழுக்க என் நடையில இருந்துச்சு," என்றாள் மலாயில்.

பத்துக்குப் பத்து! மனதுக்குள் மார்க் போட்டுவிட்டேன்.

நிருபர் மைக்கை இழுக்கப் போனார். அப்போது அவளே தொடர்ந்தாள்.

"அந்த வளைவுல நானும் ஓடினேன். என்னோட ரெண்டு காலும் மேல இருந்துச்சு. எனக்குத் தெரிஞ்சது. நூருல் வெளிப்பக்கம் இருந்ததால நடுவருக்கு என் காலு தெரியல. அவ்ளோதான்."

நிருபர் கேமராமேனைத் திரும்பிப் பார்த்தார்.

நான் அந்த நேரத்தில் என்ன செய்தேன் தெரியுமா? போனில் ரெக்கார்டிங் ஓடுகிறதா என்று பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதுதான் என் முதல் கவலை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

அன்று மாலைக்குள் அது எங்கும் பரவிவிட்டது. நடுவர் அந்த நேரத்தில் கண்ணால் பார்ப்பதுதான் கணக்கு, பிறகு யார் என்ன ஒப்புக்கொண்டாலும் முடிவு மாறாதாம். பதக்கம் அவளிடமே இருந்தது. ஆனால் குணா இருந்த இருப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"என்னாக்கா கத்துக்கொடுத்தீங்க?"

"இதக் கத்துக்கொடுக்கல குணா."

"ஜெயிச்ச பிறகு யாராவது இப்படிச் சொல்வாங்களா? இப்ப மேல கூப்பிட்டு, உங்க ஆளே ஏமாத்தினேன்னு சொல்றாங்களே, எப்படி அனுப்புறதுன்னு கேக்குறாங்க. நான் என்னான்னு சொல்றது? ரொம்ப சூசாலா, பெரிய சிக்கல்!"

ஜனங்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பாதிப் பேர் தங்க மனசு என்றார்கள். மீதிப் பேர், இவ்வளவு நேர்மை இருந்தால் அங்கேயே நடையை நிறுத்தியிருக்கலாமே என்றார்கள். அதுவும் நியாயமான கேள்விதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் சாமியார் பெயர் சொல்லாமல் பிரசங்கத்தில் அவளைப் பாராட்டினாராம்.

"பேரு சொல்லலன்னா என்னாக்கா, கோயில்ல எல்லாரும் திரும்பி என்னையத்தான் பாத்தாங்க," என்றாள் ஸ்டெல்லா போனில். "நூருல் மட்டும் போன் எடுக்க மாட்டேங்குறாக்கா. மெசேஜ் அனுப்பினா படிக்கிறா. பதில் இல்ல."

"எதுக்காம்?"

"தெரியல. அவளுக்காகத்தானே சொன்னேன்..."

எனக்கும் புரியவில்லை. நூருலுக்கு இதைவிடப் பெரிய உதவியை யார் செய்திருப்பார்கள்? பொறாமையாக இருக்குமோ என்றுகூட நினைத்தேன். வயதானால் புத்தி வரும் என்பதெல்லாம் எல்லாருக்கும் பொருந்தாது.

இரண்டு வாரம் போனது. அடுத்த சனிக்கிழமை ஸ்டெல்லா மோட்டாரில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "நூருல் வீட்டுக்குப் போறேன். நீங்களும் வாங்கக்கா."

"நான் எதுக்கு?"

"தனியா போனா பாதி வழியில திரும்பிடுவேன்."

என் காரில் போனோம். ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனைதான். ஸ்டெல்லா நோட்டுப் புத்தகத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். எட்டிப் பார்த்தேன். சொல்ல வேண்டியதை முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று எழுதி வைத்திருந்தாள்.

"மெடல் கொண்டாந்தியா?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"அவகிட்ட கொடுக்கலாம்ல... ஒரு மரியாதைக்கு."

என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நான் தப்பா வாங்கினது அவளுக்கு எதுக்குக்கா?"

லூபோக் சீனா வந்தது. பாலத்தைத் தாண்டினோம்.

பலகை வீடு. வாசலில் சின்னச் சின்னச் செருப்புகள் — டியூஷன் பிள்ளைகள் அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நூருல் எங்களைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. உள்ளே வரச் சொன்னாள். சூடான தே-ஓவும் (பால் சேர்க்காத டீ) பொரித்த வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்தாள். மரியாதையில் குறை இல்லை. ஆனால் உட்காரவில்லை.

ஸ்டெல்லா நோட்டுப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. திறக்கும் முன்பே நூருல் பேச ஆரம்பித்துவிட்டாள். மலாயில் பேசினாள். தமிழில் சொல்கிறேன்.

"நான் எங்க உக்காந்திருந்தேன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"எங்க?"

"புல்லுல. கேமராவுக்குப் பின்னால."

"எத்தனை அடி?"

ஸ்டெல்லா நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தை மடித்தாள்.

"பத்து அடி இருக்குமா? கோச் என்னைத் திட்டிக்கிட்டு இருந்தாரு. உன்னால கடைசிச் சுத்துல பொறுக்க முடியாது, எப்பவும் இப்படித்தான்னு. நான் தலையைக் குனிஞ்சிக்கிட்டு, என் காலு எங்க தப்பு பண்ணுச்சுன்னு யோசிச்சிக்கிட்டு இருந்தேன். நான் மட்டும்தான் தப்பு பண்ணேன்னு நினைச்சிக்கிட்டு இருந்தேன். நீ பத்து அடி தூரத்துல நின்னு கேமராகிட்ட சொல்ற. அப்புறம் பரிசு மேடைக்குப் போற. அப்புறம் பஸ் ஏறிப் போயிட்ட. எனக்கு எப்படித் தெரியும் தெரியுமா? சிரம்பான்ல இருக்கிற என் சின்னம்மா போன் பண்ணிச் சொன்னாங்க. அவங்க வீடியோ பாத்துட்டாங்க. ஊரே பாத்துருச்சு. கடைசி ஆளா நான் பாத்தேன்."



எனக்குக் காது சூடாகிவிட்டது. அன்று அந்தப் பத்து அடிக்கு நடுவில் நின்றது யார்? நான்தான். திரும்பியிருந்தால் நூருல் தெரிந்திருப்பாள். நான் திரும்பவில்லை. கண்ணைக் கேமராவிலேயே வை, அக்கம்பக்கம் போகக்கூடாது என்று ஸ்டெல்லாவுக்கு நான்கு வாரம் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

நாங்கள் யாரும் இல்லாதது போல ஸ்டெல்லா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு எண்ணவில்லை. இருபதுகூட எண்ணியிருப்பாள்.

"நீ அழுதுகிட்டு இருந்த," என்றாள் கடைசியில். "உன் கிட்ட வர பயமா இருந்துச்சு. மைக்கு முன்னாடி பேசப் பழகியிருந்தேன். உன் முன்னாடி எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதான்... அங்க சொல்லிட்டேன். சொன்னதும் எல்லாம் முடிஞ்ச மாதிரி இருந்துச்சு. உன்கிட்ட சொல்லணும்னே அப்புறம் தோணல. தப்புதான்."

நூருல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மன்னிச்சிரு. ஓடினதுக்கு இல்ல. உன்கிட்ட சொல்லாததுக்கு."

நூருல் சட்டென்று கட்டிப்பிடிக்கவில்லை. கண்ணீர் விடவில்லை. சமையலறைக்குப் போனாள். பாத்திரச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவளுக்கும் ஒரு கப் தே-ஓ எடுத்துக்கொண்டு வந்து, ஸ்டெல்லாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். அப்போதுதான் உட்கார்ந்தாள்.

"நடுவர் என்னைச் சரியாத்தான் பாத்தாரு," என்றாள். "என் காலும் மேலதான் இருந்துச்சு. அதுல எனக்குக் கோபம் இல்ல."

"தெரியும்."

"இடது காலத்தானே தூக்கின நீ? பழையபடி?"

"ரெண்டும்."

நூருலுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் முட்டி, இடுப்பு, வளைவு என்று எனக்குப் புரியாத பாஷையில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் பொரித்த வாழைப்பழத்தை முடித்தேன்.

பத்து நாள் கழித்துத் தேர்வு முடிவு வந்தது. வெளிநாட்டுப் போட்டிக்கு நூருல் போகிறாள். ஸ்டெல்லா ரிசர்வ். அந்தப் பேட்டிதான் காரணமா என்று குணாவிடம் கேட்டேன். "இந்த வருஷம் நூருலோட டைமிங் நல்லாருக்கு அக்கா," என்றார். உண்மையாக இருக்கலாம். குணாவும் யாரிடமாவது ட்ரெய்னிங் எடுத்திருக்கலாம்.

ஸ்டெல்லாவிடம் வருத்தமா என்று கேட்டேன்.

"வருத்தம்தான்," என்றாள். அவ்வளவுதான். நீட்டவில்லை.

போன வாரம் குணா மறுபடி கூப்பிட்டார். நீச்சல்காரர்கள் ஆறு பேருக்கு வகுப்பு எடுக்க வேண்டுமாம். ஒத்துக்கொண்டேன். கேமரா, கண், குரல் எல்லாம் சொல்லிக்கொடுப்பேன். அதற்கெல்லாம் முன்னால் ஒன்றைக் கேட்கச் சொல்லப் போகிறேன் — நீ சொல்லப் போவதை உன்னிடமிருந்து நேராகக் கேட்க வேண்டியவர் யார்? முதலில் அவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வா. மைக் எங்கேயும் ஓடிவிடாது.

அறிவுரை சொல்வது சுலபம். இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் எனக்கே உறைத்தது. அவர்கள் கதையை நான் யாரைக் கேட்டு உங்களிடம் சொல்கிறேன்? நேற்று இருவரையும் கூப்பிட்டு, முழுவதையும் படித்துக் காட்டினேன். நூருலுக்கு மலாயில் சொன்னேன். அவள் சரி என்றாள். ஸ்டெல்லா தன் நடையைப் பற்றி நான் எழுதியிருந்த ஒரு வரியை மட்டும் எடுக்கச் சொன்னாள்.

எடுத்துவிட்டேன். இருந்ததிலேயே நல்ல வரி அதுதான்... போகட்டும்.